மூச்சை அளந்த கதை

அளவு விஷயத்தில் நம் ஜனங்களைப்போலச் சந்தேகம் பிடித்தவர்கள் வேறு யாராவது உண்டா என்பது எனக்குத் தெரியாது. அரிசியைப் படியால் அளந்த காலத்தில் வாங்குகிறவர்கள் முதலில் அரிசியைப் பார்ப்பதில்லை, படியைத்தான் பார்ப்பார்கள். அடியில் ஒடுக்கு விழுந்திருக்கிறதா, உள்ளே மெழுகு ஒட்டியிருக்கிறதா, அளக்கிறவனுடைய கட்டைவிரல் படிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்றெல்லாம் பரிசோதனை நடந்த பிறகுதான் பை விரியும். அதோடு "எந்த ஊர்ப் படி?" என்ற கேள்வியும் உண்டு. பட்டணம் படி வேறு, வெளியூர்ப் படி வேறு. 1956ஆம் வருஷத்துச் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் ஊருக்கு ஊர் நிலைபெற்ற பிறகுதான் அந்தக் கேள்வி ஓய்ந்தது.

இப்பேர்ப்பட்ட நாம் வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் பரம சாதுக்களாகிவிடுகிறோம். யந்திரம் ஓர் எண்ணைக் காட்டினால் அதற்குக் கை கூப்புகிறோம். "எந்த ஊர்ப் படி?" என்று யந்திரத்தைக் கேட்பதில்லை. கேட்டால் என்ன ஆகும்? ஒரு நீண்ட சரித்திரம் வெளியே வரும். நான் வைத்தியம் படித்தவன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்தச் சரித்திரம் கதைகளைவிட விசித்திரமாக இருப்பதால், தெரிந்த வரையில் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

இங்கிலாந்தில் ஜான் ஹட்சின்ஸன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். மனிதனுடைய நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியே தள்ளும் என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டார். தண்ணீர்த் தொட்டி ஒன்றில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மிதக்கவிட்டார். குழாயில் வாயை வைத்து ஊதினால், காற்று புகுந்து பாத்திரம் மேலே எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு மூச்சு. இந்தக் கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர் வைத்தார். 1846ஆம் வருஷம் அவர் வெளியிட்ட கட்டுரைக்காக 2000க்கு மேற்பட்டவர்களை ஊதச் சொல்லியிருந்தார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், தீயணைக்கிறவர்கள், குஸ்திக்காரர்கள், பட்டாளத்துக்காரர்கள், கனவான்கள், பரம ஏழைகள் எல்லாரும் அதில் உண்டு.

அவர் கண்டுபிடித்தது எளிய உண்மை. உயரம் கூடக் கூட மூச்சும் கூடுகிறது. ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்காகவே கூடுகிறது. அந்தக் கணக்குக்குக் குறைவாக ஒருவன் ஊதினால், அவன் நெஞ்சுக்குள் ஏதோ வியாதி புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். க்ஷயரோகம் லண்டனைச் சூறையாடிக்கொண்டிருந்த அந்த நாளில் இது பெரிய விஷயம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்களும் ஆவலோடு பார்த்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவன் மூச்சு குறைவு என்று சொல்வதற்கு, எவ்வளவு இருக்க வேண்டும் என்ற ஒரு கணக்கு முதலில் வேண்டும். அந்தக் கணக்கை எழுதுவதற்கு ஒரு ஜனக்கூட்டம் வேண்டும். ஹட்சின்ஸனுடைய ஜனக்கூட்டம் இங்கிலாந்து தேசத்து ஆண்கள். கருவிக்குள் அவர்கள் குடியேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் யார் வந்து ஊதினாலும் அந்த ஆளோடு தோள் உரசி நின்றுதான் ஊத வேண்டியிருந்தது.

கருவி கப்பலேறி அமெரிக்கா போயிற்று. அங்கே அப்போது லட்சக்கணக்கான நீக்ரோ மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். கறுப்பர்களுடைய சுவாச அமைப்பே வேறு மாதிரி இருக்கலாம் என்று தாமஸ் ஜெபர்ஸன் 1780களிலேயே எழுதி வைத்திருந்தார். சாமுவேல் கார்ட்ரைட் என்று தென்பகுதி டாக்டர் ஒருவர்; தாமே அடிமைகளை வைத்திருந்தவர். எஜமானை விட்டு அடிமை ஓடிப்போவது ஒரு மனோவியாதி என்று சொல்லி, 1851இல் அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டிய மகானுபாவர் இவர்தான். அவர் மூச்சுக் கருவியையும் கையில் எடுத்தார். கறுப்பனுடைய நுரையீரல் வெள்ளையனுடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றார். அதற்கு அவர் கண்ட மருந்து என்ன தெரியுமா? உடலுழைப்பு! கட்டாயப்படுத்தி வேலை வாங்கினால்தான் அவன் ரத்தம் சுத்தமாகும் என்றார். அடிமைத்தனத்துக்கு வைத்திய சாஸ்திரத்தின் சிபாரிசுக் கடிதம் கிடைத்துவிட்டது.

உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது. ஆனால் அந்த எண் ஒழியவில்லை. யுத்தத்தில் இருந்த சிப்பாய்களின் அளவுகளைத் தொகுத்து பெஞ்சமின் கூல்டு என்பவர் 1869இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அவர் நட்சத்திரங்களை ஆராய்கிறவர்; கணக்கில் புலி. கறுப்புச் சிப்பாயின் மூச்சு வெள்ளைச் சிப்பாயின் மூச்சைவிடக் குறைவு என்று அவருடைய அட்டவணையும் சொல்லிற்று. அந்தக் கறுப்புச் சிப்பாய் நேற்று வரையில் எந்தக் குடிசையில் படுத்தான், குழந்தையில் என்ன சாப்பிட்டான், எத்தனை முறை ஜுரத்தில் விழுந்தான் என்பதற்கெல்லாம் அட்டவணையில் கட்டம் இல்லை. 1896இல் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புள்ளிவிவர நிபுணரான பிரெடரிக் ஹாப்மன் இந்த மாதிரி எண்களையெல்லாம் அடுக்கி, கறுப்பர்கள் பிறவியிலேயே நலிந்த ஜாதி என்று தீர்ப்பெழுதினார். மறு வருஷமே கெல்லி மில்லர் என்ற கறுப்புக் கணிதப் பேராசிரியர் அதைப் பிரித்துப் போட்டு, இது ரத்தத்தின் குற்றமல்ல, வாழ்வின் குற்றம் என்று பதில் எழுதினார். ஆனால் டாக்டர்களுடைய பாடப் புத்தகங்களில் நிலைத்தது மில்லருடைய பதில் அல்ல.

இந்த இடத்தில் வாசகர்களை அமெரிக்காவிலிருந்து பூந்தமல்லிக்கு அழைத்து வர வேண்டியிருக்கிறது. எதனால் வந்த வித்தியாசம் என்ற கேள்வியைச் சரியாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

பூந்தமல்லி என்றால் இன்றைக்கு நமக்குப் பஸ் நிலையமும், பெங்களூர் நெடுஞ்சாலையும், பொதுச் சுகாதார நிறுவனமும் ஞாபகம் வரும். போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் அது வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய ஊர். உடல் நலிந்த சிப்பாய்கள் தேறுவதற்கும் அங்கே இடம் இருந்தது. இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்கள் ஈசல் மாதிரி செத்தார்கள். 1859இல் நியமனமாகி 1863இல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன் கணக்குப் பார்த்தபோது, வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று தெரிந்தது. துரைமார்கள் இதற்கு வெகுகாலமாக ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். இது வெள்ளை உடம்பு. இந்தச் சீமை அதற்கு ஒத்துக்கொள்ளாது. கறுப்பு உடம்பின் அமைப்பே வேறு என்பதுதான் அது.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லண்டனில் படுக்கையில் இருந்தபடியே, ஒவ்வொரு பட்டாள ஊரிலிருந்தும் வந்த விவரங்களைப் படித்தார். சீதோஷ்ணத்தை அப்புறம் பார்க்கலாம், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, ஒரு கொட்டகையில் எத்தனை பேரை அடைத்திருக்கிறீர்கள், எவ்வளவு சாராயம் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை, நச்சரித்துக் காரியம் நடக்கச் செய்தார். பத்து வருஷத்துக்குப் பிறகு அவரே எழுதிய கணக்கில் ஆயிரத்துக்கு 69 என்பது 18 ஆகக் குறைந்திருந்தது. அதற்குள் வெள்ளைக்காரனுடைய ரத்தம் மாறிவிட்டதா என்ன? சாக்கடைதான் மாறியிருந்தது.

பட்டாளத்து வெள்ளையனுக்காக இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நைட்டிங்கேல் இருந்தார். கறுப்பனுடைய மூச்சுக்காக அப்படிக் கேட்டவர்களின் குரல் எடுபடவில்லை. மூச்சுக் கருவியின் சரித்திரத்தில் உள்ள சோகம் எல்லாம் இதுதான்.

இனி நம் சென்னைக் கதைக்கு வருவோம். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியில் எலினார் மேசன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆசிரியையாக இருந்தார். சும்மா படுத்திருக்கும்போது ஒரு மனித உடம்பு எவ்வளவு உஷ்ணத்தைச் செலவிடுகிறது என்பதற்கு பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள் ஓர் அட்டவணை தயாரித்திருந்தார்கள். அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் பெனிடிக்டையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு, மேசன் அம்மாள் தென்னிந்தியப் பெண்களை அளந்தார். 1931இல் முடிவு வெளியாயிற்று. பாஸ்டன் அட்டவணை எதிர்பார்த்ததைவிட நம் பெண்களின் கணக்கு சுமார் 17 சதவீதம் குறைவு.

அடுத்த வருஷம் அதே அம்மாள் மூச்சையும் அளந்து, தென்னிந்தியப் பெண்களுக்கென்றே உயரம், எடை இவற்றைக் கொண்டு ஒரு தனிக் கணக்கு எழுதினார். அதே 1932இல் கிருஷ்ணன், வரீத் என்ற இருவர் தென்னிந்திய மருத்துவ மாணவர்கள் 103 பேருடைய மூச்சை அளந்து வெளியிட்டார்கள். மேல்நாட்டு அளவைவிட அதுவும் குறைவு. பிற்காலத்தில் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், இன்று தேசிய நிறுவனம் என்று பெயர் மாறியிருக்கும் இடத்தில், சென்னைவாசிகளான ஆரோக்கியமுள்ள இளவயதினர் 247 பேரை அளந்து 1990இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அப்போதும் வெள்ளையர் அளவுக்கு நம் அளவு எட்டவில்லை.

இவர்கள் செய்தது நல்ல காரியம். அயலூர்ப் படியால் நம்மை அளக்காதே, நமக்கென்று ஒரு படி செய் என்று சொன்ன முதல் ஆட்கள் இவர்கள். சீமை அட்டவணையை அப்படியே வைத்துப் பார்த்தால் திடகாத்திரமான மருத்துவ மாணவன்கூட நோயாளியாகிவிடுவான் அல்லவா? அந்த அபத்தத்திலிருந்து நம்மைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் உள்ளூர்ப் படிக்குள்ளும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நமக்கு மூச்சு ஏன் குறைவு? கால் நீளம், உடல் நீளம் இவற்றின் விகிதம் கொஞ்சம் வேறு. அது ஒரு பகுதிக் காரணம். மற்றதெல்லாம்? பிறக்கும்போதே எடை குறைந்த குழந்தை, பால் குறைந்த பிராயம், விறகடுப்பும் மரத்தூள் அடுப்பும் புகைந்த ஒற்றை அறை, குழந்தையில் வந்து கவனிக்காமல் போன மார்ச்சளி, இவையெல்லாம் எந்தக் கட்டத்தில் சேரும்? இப்படி வளர்ந்தவர்களையே "ஆரோக்கியமானவர்கள்" என்று அளந்து கணக்கு எழுதிவிட்டால், வறுமை பறித்துக்கொண்ட மூச்சு இயற்கை கொடுக்க மறந்த மூச்சாகிவிடுகிறது. திருட்டு மறைந்து விதி நிற்கிறது.

இது வெறும் வாதம் அல்ல. கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளை அளந்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி உண்டு. பெங்களூர் நகரத்துக் குழந்தைகளுடைய மூச்சு, இங்கிலாந்தில் வளரும் இந்தியக் குழந்தைகளுடைய மூச்சுக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தது. நகரத்தைத் தாண்டிச் சிற்றூருக்குப் போனால் குறைந்தது. கிராமத்துக்குப் போனால் இன்னும் குறைந்தது. எல்லாரும் ஒரே தேசத்து ஜனங்கள்தாம். நகரத்து எல்லையைத் தாண்டியதும் ஒருவன் வேறு இனமாகிவிடுவதில்லை. சோறும் வீடும் புகையும் அல்லவா மாறுகின்றன?

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஒரு நடை வர வேண்டும். 1960களில் உருவான இந்தப் பட்டறை நகரத்தில் கிரைண்டிங்கும் வெல்டிங்கும் வார்ப்படமும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. மணல் தூசியால் நுரையீரல் கெட்டிப்படும் சிலிக்கோஸிஸ் வியாதியை, கண்டால் சர்க்காருக்குத் தெரிவித்தே தீர வேண்டிய வியாதிகளின் ஜாபிதாவில் 1948ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டமே சேர்த்திருந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரைப் பார்க்க அங்கே ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அன்று வைத்திய முகாம். வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தொழிலாளி வந்து உட்கார்ந்தார். பரிசோதிக்கிற பெண் சின்ன வயது, நல்ல பெண்.

"அண்ணே, மூச்சை நல்லா இழுத்துக்குங்க. வாயில வெச்சு ஒரே ஊதா ஊதுங்க. விடாதீங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்..."

அவர் முகம் சிவக்க ஊதினார். பெட்டியில் எண் வந்தது. அந்தப் பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் வேறொன்றை அழுத்தினாள்.

"என்ன பார்க்கிறே அம்மா?" என்று கேட்டேன்.

"ஆள் எந்த இனம்னு இதுல ஒரு கட்டம் இருக்கு சார். யாரோ காக்கேஷியன்னு வெச்சிருக்காங்க. அப்படியே விட்டா குறைச்சல்னு வருது. இந்தியன்னு மாத்தினா நார்மல்னு வந்துடுது."

தொழிலாளி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "எந்தக் கட்டத்துல போட்டாலும் சரி, ரெண்டு மாடி ஏறினா இரைக்குதும்மா!" என்றார்.

அந்தப் பெண் செய்ததில் தவறில்லை. யந்திரம் அப்படிக் கேட்கிறது. அதன் கணக்கை வாசகர்களுக்குப் புரியும்படி ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஒருவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் வெள்ளையர் அட்டவணைப்படி 3.8 லிட்டர் மூச்சு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊதியது 2.95. அதாவது 78 சதவீதம். 80க்குக் கீழே போனால் கோளாறு என்பது பல இடங்களில் வழங்கிவரும் கோடு. ஆகவே அவர் நோயாளி. இப்போது, இந்தியனுக்குப் பத்து சதவீதம் குறைத்துக்கொள் என்கிறது யந்திரம். 3.8 என்பது 3.42 ஆகிறது. அதே 2.95 இப்போது 86 சதவீதம். அவர் ஆரோக்கியசாலி! நெஞ்சு அதே நெஞ்சு. ஊதிய மூச்சும் அதே மூச்சு. நடுவில் ஒரு பொத்தான்.

இப்படி மொத்தமாகப் பத்து சதவீதம் தள்ளுவது சரியில்லை, பலரைத் தவறாகத் தரம் பிரித்துவிடுகிறது என்று சண்டிகார் ஆராய்ச்சியாளர்கள் 2005லேயே எழுதினார்கள். 2012இல் உலகம் முழுவதுக்குமாக ஓர் அட்டவணை வந்தது. அதில் வெள்ளையர், அமெரிக்கக் கறுப்பர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று நாலு பெயர், ஐந்தாவது "மற்றவர்". ஜனத்தொகையில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் நமக்குத் தனிப் பெயர் கிடைக்கவில்லை. இந்தக் "காக்கேஷியன்" என்ற பெயராவது ஒழுங்கான பெயரா? 1795இல் புளூமென்பாக் என்ற ஜெர்மன் பேராசிரியர், காக்கஸஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் மண்டையோட்டின் அழகில் மயங்கி, ஐரோப்பியர் எல்லாருக்கும் அந்த மலைப் பெயரைச் சூட்டினார். அந்த மண்டையோடு இன்னும் நம் அம்பத்தூர்ப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

குறைத்துக்கொள்ளும் கணக்கால் லாபம் யாருக்கு? 1999இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கோர்ட்டில் அது பச்சையாகவே வெளிப்பட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நெஞ்சு கெட்ட தொழிலாளர்கள் நஷ்டஈடு கேட்டார்கள். ஓவன்ஸ் கார்னிங் கம்பெனி, கறுப்புத் தொழிலாளி வழக்குக்கே தகுதி பெற வேண்டுமானால் வெள்ளைத் தொழிலாளியைவிட மோசமான மூச்சைக் காட்ட வேண்டும் என்று வாதாடிற்று. கறுப்பனுக்குப் பிறவியிலேயே மூச்சு குறைவுதானே என்பது நியாயம்! வாதம் பலிக்கவில்லை. ஆனாலும் 1851ஆம் வருஷத்து அடிமை எஜமானருடைய எண், ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறியதைப் பாருங்கள்.

இதுவரையில் சொன்னது, வித்தியாசத்தை அளவுக்கு மீறிப் பாராட்டிய யந்திரத்தின் கதை. இதற்கு நேர் எதிராக, வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவே மறுத்த யந்திரம் ஒன்றும் உண்டு. 2020, 2021ஆம் வருஷங்களில் அது நம் வீடுகளுக்கே வந்தது.

விரல் நுனியில் கவ்வும் ஆக்ஸிமீட்டரை யார் மறக்க முடியும்? சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று, இரண்டையும் விரலுக்குள் செலுத்துகிறது. பிராணவாயு நிறைந்த ரத்தம் ஒரு விதமாகவும், குறைந்த ரத்தம் வேறு விதமாகவும் அந்த ஒளிகளை விழுங்குகின்றன. நாடித் துடிப்பைக்கொண்டு இந்தக் கணக்கைப் போடும் வழியை 1970களில் கண்டவர் ஜப்பானியரான தகுவோ அவோயாகி. கோடிக்கணக்கான விரல்கள் அவருடைய கருவியை மாட்டிக்கொண்ட அதே 2020ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர் காலமானார்.

அவர் கண்ட தத்துவத்தில் பேதம் இல்லை. ஆனால் ஒளி ரத்தத்தை அடையுமுன் தோலைத் தாண்ட வேண்டும். தோலில் உள்ள கருமையும் ஒளியை விழுங்கும். கருவியின் எண்களைச் சரிபார்க்க யாருடைய விரல்களை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வெளுத்த விரல்கள். கறுப்பு நோயாளிகளிடம் இந்தக் கருவி தடுமாறுகிறது என்று 1990லேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தேசத்தில் 2013இல் வகுத்த விதிகூட, பத்துப் பேரைப் பரிசோதித்தால் போதும், அதில் இரண்டு பேர் கறுத்த தோல்காரர்களாக இருக்கட்டும் என்றுதான் சொல்லிற்று. பந்தியில் கடைசி இலை மாதிரி!

2020 டிசம்பரில் மிச்சிகன் சர்வகலாசாலை டாக்டர்கள் கணக்கை விரித்து வைத்தார்கள். விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேராக எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையர்களில் 3.6 சதவீதம் பேருக்கு உண்மையில் 88க்கும் கீழே இருந்தது. கறுப்பர்களில் 11.7 சதவீதம் பேருக்கு அப்படி இருந்தது. ஏறக்குறைய மூன்று மடங்கு. கருவி குறைத்துக் காட்டினாலாவது பயந்துபோய் டாக்டரிடம் ஓடுவோம். இது கூட்டிக் காட்டுகிறது. "பயமில்லை, வீட்டிலேயே இரு" என்று ஆறுதல் சொல்கிறது.

நம்மில் மாநிறமும் உண்டு, கன்னங்கரேலும் உண்டு. 2021ஆம் வருஷக் கோடையில் எங்கள் தெருவுக்கு ஒரே கருவி. வீட்டுக்கு வீடு அது கைமாறிக்கொண்டிருந்தது. அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாள் ஒருவர் இருந்தார். எண்ணைச் சொல்லி யோசனை கேட்கிறவர்களிடம் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "மிஷின் கிடக்கட்டும். பெரியவர் ஒரு பேச்சை நிறுத்தாம முழுசாச் சொல்றாரா? அதைச் சொல்லுங்க முதல்ல." மிச்சிகன் கணக்கை அவர் படித்திருக்க மாட்டார். நாற்பது வருஷமாக எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்த்த அநுபவம் பேசிற்று.

இப்போது திருத்தங்கள் நடந்துவருகின்றன. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட நகல் விதியில், பத்துப் பேர் என்பதை 150 அல்லது அதற்கு மேல் என்று உயர்த்தி, பல நிறத் தோல்களையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் இந்த மாதிரிக் கருவிகளின் பாரபட்சத்தை ஆராய நியமித்த குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. மூச்சுக் கருவிக்கும் இனத்தைக் கேட்காத பொது அட்டவணை ஒன்று வந்தாயிற்று. அதையே உபயோகிக்கும்படி அமெரிக்க மார்பு வைத்தியர் சங்கம் 2023இல் சிபாரிசு செய்தது.

இதோடு கதை சுபம் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பொது அட்டவணையும் இருபுறமும் கூருள்ள கத்தி. அதை வைத்து அளந்தால் நம்மில் பலருக்கு மூச்சு குறைவு என்று வரும். நஷ்டஈடு கேட்கிற தொழிலாளிக்கு அது உதவும். அதே எண்ணைக் காட்டி, நெஞ்சு பலமில்லாதவன் என்று புதிதாக வேலைக்கு வந்த பையனைத் திருப்பி அனுப்பவும் முடியும். எந்தப் படியைக் கையில் எடுத்தாலும், அளக்கிறவனுடைய கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தீராது.

ஆகையால் எனக்குத் தோன்றுவது ஒன்றே. இன்னொரு தேசத்து ஆளோடும் வேண்டாம், நம் தேசத்துச் சராசரி ஆளோடும் வேண்டாம். ஒருவனை அவனோடேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பட்டறையில் சேருகிற முதல் நாளே அவனை ஊதச் சொல்லி, எத்தனை லிட்டர் என்று எழுதி, ஒரு நகலை அவன் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். வருஷா வருஷம் அதே மாதிரி எழுதிக்கொண்டே வர வேண்டும். வயது ஏற ஏற எல்லாருக்கும் மூச்சு கொஞ்சம் குறையும். அது எவ்வளவு என்பது டாக்டர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு குறைந்ததோ அது எங்கே போயிற்று என்று கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது இனம் என்ற கட்டத்துக்கு வேலையே இல்லை. பட்டறைத் தூசிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துகிற பெட்டியில் இந்தச் சீட்டையும் போட்டு வைக்கட்டும்.